சில்லுகளுக்கு நடுவே ஓர் இடம்

ஹில்டாவுக்குச் சரித்திரம் என்றாலே ஆகாது. பள்ளிக்கூடத்தில் அரசர்களின் வரிசையை மாற்றி எழுதிவிட்டு வகுப்புக்கு வெளியே முட்டி போட்டதுதான் அந்தப் பாடத்தைப் பற்றி அவளிடம் மிஞ்சியிருந்த ஞாபகம். எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பம்பு செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். பதினேழு வருடமாக இன்ஸ்பெக்‌ஷன் மேஜைதான் அவளுடைய இடம். பித்தளை வால்வுகள் தட்டுத் தட்டாக வரும். ஒவ்வொன்றையும் எடுத்து வெர்னியரால் அளந்து, விளிம்பை விரலால் ஒரு முறை தடவுவாள். சரியென்றால் வலப்பக்கம், தப்பென்றால் சிவப்புப் பெட்டி. தடவும்போதே எந்த லேத்தில் யார் கடைந்தது என்றுகூட அவளால் சொல்ல முடியும். அவசரக்காரன் கடைந்த விளிம்பு ஒரு மாதிரி இருக்கும், நிதானக்காரன் கடைந்தது வேறு மாதிரி.

1984-இல் அவளும் கணவன் இக்னேஷியஸும் மேனாம்பேட்டில் வீடு கட்டினார்கள். இக்னேஷியஸுக்கு ஆவடியில் ஸ்டோர் கீப்பர் வேலை. வீட்டில் இவர்கள் இருவர் மட்டும்தான். முதல் மழையிலேயே வாசலில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. மேடாக்குவதற்குப் பரந்தாமன் என்ற லாரிக்காரரிடம் சொல்லி இரண்டு லோடு கிராவல் கொட்டச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்த பிறகு ஹில்டா மண்வெட்டியால் அந்தச் சிவந்த மண்ணைப் பரப்பிக்கொண்டிருந்தாள். மண்வெட்டி எதிலோ பட்டு ணங்கென்றது.

கையளவுள்ள ஒரு கல். பழுப்பும் மஞ்சளும் கலந்த நிறம். ஒரு முனை கூராகவும் மறுமுனை உருண்டையாகவும் இருந்தது. பழக்க தோஷத்தில் விளிம்பைத் தடவினாள். விரல் நின்றது. ஒரு பக்கம் ஒரு செதுக்கு. திருப்பினால் அதை ஒட்டி மறுபக்கம் ஒரு செதுக்கு. இப்படி மாறி மாறி விளிம்பு முழுக்கப் போய், கூர்முனையில் வந்து முடிந்தது.

"என்னங்க, இதைப் பாருங்க. இது தானா உடைஞ்ச கல் இல்ல. யாரோ வேலை பார்த்திருக்காங்க."

இக்னேஷியஸ் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கினார். "பாஸா, ரிஜெக்டா?"

"பாஸ்" என்றாள்.

அதற்கப்புறம் அந்தக் கல் வாசல் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுக்கப் பயன்பட்டது. இரண்டு வருடம் அங்கேயே கிடந்தது.

கண்ணில் வலியென்று ஒரு நாள் லீவு போட்டுவிட்டு எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்குப் போனாள் ஹில்டா. பார்வையைச் சோதிக்கச் சொட்டு மருந்து விட்டார்கள். சோதனை முடிந்து வெளியே வந்தபோது வெயில் பால் மாதிரிக் கலங்கிக் கிடந்தது. மனிதர்களுக்கு விளிம்பே இல்லை. மரங்கள் பச்சைப் புகையாக நின்றன. பார்வை தெளிய நாலைந்து மணி நேரம் ஆகும், வெயிலில் அலையாதே என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். இந்தக் கண்ணோடு ரயில் ஏறப் பயந்து, நிழலாக எங்காவது உட்காரலாம் என்று விசாரித்து நடந்தவள் மியூசியத்துக்குள் போய்ச் சேர்ந்தாள்.

உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. கண்ணாடிப் பெட்டிகள் தண்ணீர்த் தொட்டிகளைப் போல மிதந்தன. ஏதேதோ உருவங்கள் அடியாழத்தில் கிடப்பது போலிருந்தது. ஒன்றையும் சரியாகப் பார்க்காமல் ஒவ்வொரு பெட்டியாகக் கடந்து போனவள், ஒன்றின் முன்னால் நின்றுவிட்டாள். உள்ளே பழுப்பாக ஒரு கல் தெரிந்தது. விளிம்பு தெரியவில்லை, செதுக்குகள் தெரியவில்லை, அந்த வடிவம் மட்டும் தெரிந்தது. அவளுடைய விரலுக்கு அது என்னவென்று தெரிந்தது.

காவலாளியைக் கூப்பிட்டாள். "அண்ணே, எனக்குக் கண்ணுல மருந்து விட்டிருக்காங்க. இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்றீங்களா?"

"கல்லுதாம்மா கீது" என்றார் அவர். அப்புறம் குனிந்து எழுத்துக் கூட்டிப் படித்தார். "பழைய கற்காலம். கைக்கோடாரி. அப்டின்னு போட்டுகீது."

"எத்தனை வருஷம் முன்னாடி?"

"அதெல்லாம் போடல. ராஜா காலம் இல்லம்மா இது. ராஜாவே இல்லாத காலம்."

ராஜாவே இல்லாத காலம். ஹில்டா அந்தப் பெட்டியின் முன்னால் கிடந்த பெஞ்சில் பார்வை திரும்பும்வரை உட்கார்ந்திருந்தாள். பெட்டிக்குள் இருந்த கல்லுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விளிம்பு வந்தது. பிறகு ஒவ்வொரு செதுக்காக வந்தது, யாரோ அங்கேயே அப்போதுதான் அதைச் செய்துகொண்டிருப்பது போல.

வீட்டுக்கு வந்ததும் கதவடியிலிருந்து கல்லை எடுத்தாள். கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

அதன் பிறகு அவளுடைய லீவு நாட்கள் மாறின. மியூசியத்தை ஒட்டியிருந்த நூலகத்தில் போய் உட்கார்ந்தாள். இதைப் பற்றிய புத்தகங்கள் பெரும்பாலும் இங்கிலீஷில் இருந்தன. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு மூன்று பக்கம் படித்தாள். சில நாட்களில் ஒரு பக்கம். நூறு வருடத்துக்கும் முன்பே பல்லாவரத்தில் ஒரு வெள்ளைக்காரர் இதைப் போன்ற கல்லைக் கண்டெடுத்திருந்தார் என்று படித்தபோது, ரயிலில் தான் பலமுறை கடந்துபோன ஊரா என்று திகைத்தாள். தொழிற்பேட்டையின் சைரன் ஊதி நூற்றுக்கணக்கான பேர் சைக்கிளில் வெளியே வரும்போது, இவர்களுக்கெல்லாம் முன்னால் இதே மண்ணில் கருவி செய்து பிழைத்தவர்கள் நடந்து போவது போல அவளுக்குத் தோன்றும். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

பரந்தாமன் வேறு வீட்டுக்கு லோடு அடிக்க வந்தபோது வழிமறித்துக் கேட்டாள். "அண்ணே, எங்க வீட்டுக்குக் கொட்டின கிராவல் எங்கே எடுத்தது?"

"இன்னா மேடம், ரெண்டு வருசம் கயிச்சி வந்து கேக்கறீங்க? மண்ணு சரியில்லையா?"

"மண் ரொம்ப நல்ல மண்ணு. அதான் கேக்கறேன்."

அவர் தலையைச் சொறிந்தார். "வெள்ளானூர் தாண்டி ஒரு அம்மா நெலம். சாமுண்டீஸ்வரின்னு பேரு. பள்ளம் இன்னும் அங்கதான் கீது."

அடுத்த ஞாயிறு ஆவடியில் பஸ் மாறி வெள்ளானூரில் இறங்கி விசாரித்துப் போனாள். சாமுண்டீஸ்வரிக்கு ஐம்பது வயதிருக்கும். கணவர் இறந்துபோய் ஆறேழு வருடமாகியிருந்தது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவர் ஹில்டாவின் கைப்பையையும் குடையையும் பார்த்தார்.

"மனை பாக்க வந்தியாம்மா? அதெல்லாம் எங்க கொயுந்தனாரைத்தான் கேக்கணும்."

"மனை இல்லக்கா. உங்க பள்ளத்தைப் பாக்கணும்."

"பள்ளத்துல இன்னா கீது பாக்க?"

ஹில்டா பையிலிருந்து கல்லை எடுத்துக் கொடுத்தாள். சாமுண்டீஸ்வரி அதை வாங்கியதும் புரட்டிப் பார்க்கவில்லை. உருண்டைப் பக்கத்தை உள்ளங்கையில் அழுத்திப் பிடித்து, கூர்முனையால் காற்றில் ஒரு இழுப்பு இழுத்தார், எதையோ அறுப்பதைப் போல.

"நல்லா நிக்குதே கையில" என்றார்.

அந்த வார்த்தையில்தான் இருவருக்கும் சிநேகம் உண்டாயிற்று. மாதத்துக்கு ஒரு முறை என்று தொடங்கி, பிறகு ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் ஹில்டா பஸ் ஏறினாள். இருவரும் பள்ளத்தின் கரையோரமாகக் குனிந்து நடப்பார்கள். பல நாட்கள் ஒன்றும் கிடைக்காது. நீர் தேங்கிய பள்ளத்தில் ஆகாயம் கிடக்கும், கொக்கு ஒன்று அதில் காலை ஊன்றி நிற்கும். நேரம் போவதே தெரியாது.

1988 நவம்பரில் விடாமல் ஐந்து நாள் மழை பெய்தது. மழை ஓய்ந்த ஞாயிறன்று ஹில்டா போனபோது சாமுண்டீஸ்வரி பள்ளத்தருகிலேயே நின்றிருந்தார்.

"சுவரு சரிஞ்சி கீது. கீய ஒண்ணு தெரியுது, நீ வர்ற வரைக்கும் நான் கால் வைக்கல."

பள்ளத்தின் மேற்குச் சுவரில் ஒரு பாளம் மண் வழிந்து இறங்கி, இடுப்பளவு ஆழத்தில் ஒரு பாய் விரிக்கும் அளவுக்குக் களிமண் தரை வெளிப்பட்டிருந்தது. அதில் கற்சில்லுகள். வெற்றிலை அளவில் சில, நகத்தளவில் பல. எல்லாம் ஒரே நிறம். ஹில்டா மண்டியிட்டுப் பார்த்தாள். சில்லுகள் தாறுமாறாகச் சிதறியிருக்கவில்லை. பிறை போல வளைந்து கிடந்தன. வளைவின் உட்பக்கம் வெறுந்தரை. ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்காரும் அளவுக்கு வெறுந்தரை.

அந்த வெறுந்தரையை விரலால் காட்டினாள்.

"அக்கா, இங்க உட்கார்ந்துதான் செஞ்சிருக்காங்க. உடைஞ்சு விழுந்ததெல்லாம் விழுந்த இடத்துலயே இருக்கு."

"யாரு?"

"தெரியல."

இருவரும் அந்த வெற்றிடத்தைப் பார்த்தார்கள். அங்கே உட்கார்ந்திருந்தவர் அப்போதுதான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனது போலிருந்தது. ஈர மண்ணிலிருந்து லேசாக ஆவி எழுந்தது.

சாமுண்டீஸ்வரி நிமிர்ந்து நிலத்தைச் சுற்றிப் பார்த்தார். "தை பொறந்தா புல்டோசர் வருது, தங்கச்சி. கொயுந்தனாருங்க லேஅவுட்காரனுக்கு எயுதிக் குடுத்துட்டாங்க. நான் சொல்லி கேக்கற ஆளுங்க இல்ல."

அன்றே ஹில்டா கடிதம் எழுதினாள். தான் படித்த ஒரு கட்டுரையின் கீழே ராஜசேகரன் என்ற ஆய்வாளரின் பெயரும் பல்கலைக்கழக முகவரியும் இருந்தன. அந்த முகவரிக்கு, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் இரண்டு பக்கம் எழுதினாள். வாரங்கள் போயின, பதில் வரவில்லை. டிசம்பர் வந்துவிட்டது. தகுதி உள்ளவர்கள் கை வைக்க வேண்டிய இடம் இது என்று படித்துத் தெரிந்துகொண்டிருந்தாள். அதே சமயம் புல்டோசருக்கு அதெல்லாம் தெரியாது.

கம்பெனியில் கற்றது கைகொடுத்தது. குச்சிகள் நட்டு, நூல் கட்டி, தரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்தாள். கிராப் தாளில் ஒவ்வொரு சில்லையும் அது கிடந்த இடத்தில், கிடந்த கோணத்தில் வரைந்தாள். வரையாமல் ஒன்றையும் எடுக்கவில்லை. எடுத்ததும் கறுப்பு மையால் அதன் மேல் பொடியாக எண் போட்டாள். மண்ணைச் சாமுண்டீஸ்வரி மாவுச் சல்லடையில் போட்டுச் சலித்தார். நகத்தில் பாதியளவுச் சில்லுகூட அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. கிறிஸ்துமஸ் லீவையும் சேர்த்து ஏழு நாள். மொத்தம் இருநூற்றுப் பதினோரு சில்லுகள்.

கடைசி நாள் மாலை, எல்லாவற்றையும் எடுத்து முடித்தபின், ஹில்டா செருப்பைக் கழற்றிவிட்டு அந்த வெறுந்தரையில் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். ஏனென்று அவளுக்கே தெரியவில்லை. மேற்கே பார்த்த மாதிரி அமைந்தது. வெயில் முகத்தில் விழுந்தது. அந்த ஆளும் மாலையில்தான் உட்கார்ந்தாரா, வெயில் கண்ணைக் கூசியதா, பக்கத்தில் யாராவது பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார்களா. கண்ணை மூடினாள். கல்லில் கல் படும் சத்தம் எங்கோ கேட்பது போலிருந்தது. சாமுண்டீஸ்வரி பள்ளத்தின் கரையில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பலாம் என்று சொல்லவே இல்லை.

பொங்கல் கழித்து அந்த இடம் மட்டமாக்கப்பட்டது. மஞ்சள் கற்கள் நட்டு மனைகள் பிரித்தார்கள்.

வீட்டில் தையல் மிஷின் மேஜை சில்லுகளுக்கென்று ஒதுக்கப்பட்டது. எல்லாம் ஒரே கல்லிலிருந்து வந்தவை என்று நிறம் சொன்னது. அப்படியென்றால் திரும்பச் சேர்க்க முடிய வேண்டும். வேலைவிட்டு வந்ததும் ஒரு மணி நேரம் உட்காருவாள். ஒரு சில்லின் உட்புறத்தை இன்னொன்றின் வெளிப்புறத்தோடு வைத்துப் பார்ப்பாள். பொருந்தாது. அடுத்தது. பொருந்தாது. முதல் மூன்று மாதத்தில் பொருந்தியவை ஆறு ஜோடி. பொருந்தும்போது சின்னதாக ஒரு சத்தம் வரும், கதவுத் தாழ்ப்பாள் விழுவதைப் போல. அந்தச் சத்தத்துக்காக அவள் எத்தனை நாள் வேண்டுமானாலும் காத்திருந்தாள்.

இக்னேஷியஸ் முதலில் கேலி செய்தார். பிறகு கவலைப்பட்டார். "லட்சம் வருஷம்னு சொல்றே. அப்ப ஆதாம் ஏவாள் எல்லாம் எங்க போறது? சாமியார் கேட்டா என்ன சொல்லுவே?"

"சாமியார்கிட்ட நானே கேட்டுட்டேன்."

"என்ன சொன்னார்?"

"ஆண்டவருக்கு அவங்களையும் பேர் சொல்லித் தெரியும்னார்."

 சில நாள் கழித்து, டீ குடித்துக்கொண்டே மேஜையருகே நின்ற இக்னேஷியஸ் சும்மா ஒரு சில்லை எடுத்து, அவள் சேர்த்து வைத்திருந்த கட்டியின் ஓரத்தில் வைத்தார். க்ளிக். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டீ ஆறிப்போயிற்று. அன்றிலிருந்து மேஜைக்கு இரண்டாவது நாற்காலி வந்தது.

ஒரு இடத்தில் அவளுக்கு நெடுநேரம் சிக்கலாக இருந்தது. ஒரே புள்ளியில் மூன்று அடிகள். முதல் அடி தப்பு, சில்லு பாதியிலேயே முறிந்திருந்தது. இரண்டாவதும் தப்பு. மூன்றாவது கோபத்தில் ஓங்கி அடித்தது போல ஆழமாக நசுங்கியிருந்தது. அப்புறம் அந்த ஆள் கல்லைத் திருப்பிக்கொண்டு மறுபக்கத்திலிருந்து தொடங்கியிருந்தார். மிகவும் மெல்லிய, நிதானமான அடிகள். ஹில்டா அந்த முறிந்த சில்லைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். வீடு கட்டும்வரை பதினேழு, அதன் பிறகு ஐந்து என்று இருபத்திரண்டு வருடமாகத் தப்பு வந்தால் சிவப்புப் பெட்டியில் போட்டவள். இந்தத் தப்பை முத்தமிட வேண்டும் போலிருந்தது. அந்த மூன்று அடிகளில்தான் அந்த ஆள் அவளுக்கு ஆளாகத் தெரிந்தார். அவசரப்பட்டு, எரிச்சல்பட்டு, பெருமூச்சு விட்டு, மறுபடி தொடங்கிய ஓர் ஆள்.

1991 கடைசியில் நூற்று முப்பது சில்லுகள் சேர்ந்து ஒரு பெரிய கூழாங்கல்லின் வெளித்தோற்றம் வந்துவிட்டது. தண்ணீரில் ஊறினால் விட்டுவிடும் கோந்தால் ஒட்டியிருந்தாள். கல் இரண்டு பாதியாகப் பிரிந்து நின்றது. சேர்த்துப் பிடித்தால் வெளியே முழுக்கல். உள்ளே குழி. செய்து முடித்த கருவியை அந்த ஆள் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அது இருந்த இடம் மட்டும் உள்ளே இருந்தது.

"மெழுகு ஊத்திப் பாக்கலாமா?" என்று கேட்டவர் இக்னேஷியஸ்.

கல்லறைத் திருநாளுக்கு வாங்கியதில் மிஞ்சிய மெழுகுவர்த்திகளை உருக்கினார்கள். குழிக்குள் தேங்காய் எண்ணெய் தடவி, இரண்டு பாதியையும் சேர்த்துக் கயிற்றால் கட்டி, மேலே இருந்த சந்து வழியாக மெழுகை ஊற்றினார்கள். அரை நாள் ஆறவிட்டுப் பிரித்தபோது உள்ளே வெள்ளையாக ஒரு கைக்கோடாரி கிடந்தது. கிராவலில் கிடைத்த கல்லைவிட நீளம், ஒல்லி. யாரும் கண்ணால் பார்க்க முடியாதது என்று நினைத்திருந்த ஒன்று. ஹில்டா அதைத் தொடுவதற்கு முன்னால் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

ராஜசேகரனின் பதில் மூன்று வருடத்துக்கு முன்பே, புல்டோசர் போன மறுமாதம் வந்திருந்தது. வெளிமாநில அகழாய்வில் இருந்ததால் கடிதத்தைப் பார்க்கவில்லை என்று மன்னிப்புக் கேட்டிருந்தார். அதன் பிறகு எழுத்துப் போக்குவரத்து இருந்தது. 1992 மார்ச்சில் அவர் மேனாம்பேட்டுக்கு நேரில் வந்தார். நாற்பது வயதுக்காரர், அதிகம் பேசாதவர். முதலில் கல்லைப் பார்க்கவில்லை. கிராப் தாள்களைத் தரையில் விரித்து அவற்றின் நடுவே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இப்படி வரையறதுக்கு எங்கம்மா கத்துக்கிட்டீங்க?"

"ஃபேக்டரிலங்க. இன்ஸ்பெக்‌ஷன்."

அவர் தலையாட்டினார். "நீங்க எடுத்திருக்கக் கூடாதுன்னு சொல்லத்தான் வந்தேன். இப்ப சொல்ல முடியல. நீங்க எடுக்கலைன்னா ஒண்ணுமே இருந்திருக்காது."

"எத்தனை வருஷத்துக்கு முன்னாடிங்க?" இதை மட்டும்தான் அவள் கேட்க விரும்பினாள்.

"ஒரு லட்சம் இருக்கலாம். அதைவிட ரொம்பக் கூடவும் இருக்கலாம். தெரியாதும்மா. இன்னிக்கு என்னால சொல்ல முடியாது."

அந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருந்தது. தேதி இல்லாத சரித்திரம்.

சில்லுகளையும் தாள்களையும் பல்கலைக்கழகத்துக்குக் கொடுப்பது என்று முடிவாயிற்று. மறுவருடம் அவர் எழுதிய கட்டுரையில் வரைபடங்களுக்குக் கீழே ஹில்டாவின் பெயரும், சலித்தவர் என்று சாமுண்டீஸ்வரியின் பெயரும் அச்சாகியிருந்தன. ஹில்டா அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு வெள்ளானூருக்குப் போனாள். மெழுகுக் கோடாரியையும் ஒரு துணியில் சுற்றி எடுத்துப் போயிருந்தாள்.

சாமுண்டீஸ்வரி இங்கிலீஷில் இருந்த தன் பெயரை விரலால் ஒரு முறை தொட்டுப் பார்த்தார். பிறகு மெழுகை வாங்கிக்கொண்டார்.

"எங்க எடுத்துகினு போனாங்களோ" என்றார். "ஏரிப் பக்கமா போயிருப்பாங்க. அந்தக் காலத்துல ஏரி இருந்துதோ இன்னாவோ."

"ஏதோ தண்ணி இருந்திருக்கும்."

"இத்த எங்கிட்டயே குடுத்துடேன். எங்க நெலத்துல செஞ்சது. நெலந்தான் போச்சி, இதுனா இருக்கட்டும்."

ஹில்டா ஒரு கணம்தான் தயங்கினாள். "வெயில்ல உருகிடும்க்கா. பத்திரமா வைக்கணும்."

"உருகாத எடம் எனக்குத் தெரியும்."

அந்த மே மாதம் ஆவடிப் பக்கமெல்லாம் தார் இளகிச் செருப்பில் ஒட்டியது. ஹில்டா ஞாயிற்றுக்கிழமை வியர்த்து வழிய வந்து இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி அதைப் பற்றித்தான். சாமுண்டீஸ்வரி சிரித்துக்கொண்டே அவளைச் சமையலறைக்குள் கூட்டிப்போய், மூலையில் இருந்த பெரிய மண்பானையின் மூடியைத் திறந்தார். கழுத்துவரை அரிசி.

"உள்ள கை வுடு."

ஹில்டா கையை விட்டாள். மேலே கொஞ்சம் வெதுவெதுப்பு. மணிக்கட்டு தாண்டியதும் குளிர ஆரம்பித்தது. முழங்கை வரை போனபோது கிணற்றுத் தண்ணீர் போலச் சில்லென்றிருந்தது. அரிசி விரல்களைச் சுற்றி மெல்ல நகர்ந்து வழிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டாள். அடியாழத்தில் வழுவழுப்பாக ஏதோ விரல்நுனியில் பட்டது. எடுக்கவில்லை. விளிம்போரமாக ஒவ்வொரு செதுக்காகத் தடவிக்கொண்டே போனாள்.

"கீதா?" என்று கேட்டார் சாமுண்டீஸ்வரி.

"இருக்குக்கா."